நெறிமுறைக் குழுவில் இருக்கும் பாமரருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் மருத்துவ ஆய்வுகளுக்கு அனுமதி கொடுக்கும் நெறிமுறைக் குழுக்களில் பொதுமக்கள் சார்பாக உட்கார்ந்திருக்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை டாக்டர்களுக்கோ டீனுக்கோ எழுதவில்லை, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி எத்திக்ஸ் கமிட்டியில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப் பேராவது அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும், ஒருவராவது பாமரராக இருக்க வேண்டும். ‘பாமரர்’ என்பது அவ்வளவு நல்ல சொல் இல்லை. ஆனாலும் அந்த நாற்காலியைச் சட்டம் உங்களுக்காகப் போட்டு வைத்திருக்கிறது, எனக்கு அது போதும்.

நான் மன்னார்குடிப் பக்கம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருந்தவன். சிக்குன்குனியா வந்தது, போனது. மூட்டுவலியும் ஆறு மாதத்தில் போய்விட்டது. அப்புறம் வந்ததுதான் போகவில்லை. குளித்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும். ஒரு நாள் கொஞ்சம் கூடுதலாக நடமாடினால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டாம் நாள்தான் ஆளைச் சாய்க்கும். ரத்தம், தைராய்டு, ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். என் அம்மாவுக்கு மட்டும் ஒன்றும் சரியாக இல்லை என்று தெரிந்திருந்தது. நாலாவது வருடம் ஒரு டாக்டர் இதற்கு நாட்பட்ட சோர்வு நோய் என்று பெயர் சொன்னார். எம்.இ. என்றும் சொல்வார்களாம்.

பெயரோடு ஒரு தாளும் கிடைத்தது. தினமும் பத்து நிமிட நடை, வாரத்துக்கு வாரம் ஐந்து நிமிடம் கூடுதல். “வெளிநாட்டில் பெரிய ஆய்வு செய்து நிரூபித்திருக்கிறார்கள், பயப்படாமல் நடங்க” என்று சொன்ன பெண் நல்ல மனசோடுதான் சொன்னார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாவது வாரம் பாமணியாற்றுக் கரையில் மதகுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியவில்லை. ஆடு ஓட்டி வந்த பையன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லி, மச்சான் பைக்கில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பத்து வாரம் படுக்கை. தாளில் ஐந்தாம் வாரம் வரை நானே டிக் போட்டிருக்கிறேன். மீதிக் கட்டங்கள் காலியாகத்தான் இருக்கின்றன.

அந்தப் ‘பெரிய ஆய்வு’ என்ன என்று தேடிப் படிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது, ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் முடியும். பிரிட்டனில் நடந்த பேஸ் ஆய்வு அது. 641 நோயாளிகள், சுமார் 50 லட்சம் பவுண்டு அரசுப் பணம். 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டினாலும், மனப்போக்கை மாற்றும் பேச்சுச் சிகிச்சை கொடுத்தாலும் தேறுவார்கள் என்றது. நூற்றுக்கு 22 பேர் குணமானார்கள் என்று 2013-இல் இன்னொரு கட்டுரை.

இங்கே நெல்லுக்கு வருகிறேன், எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரை எடுக்கலாம். குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்து வரும் வருடத்தில் மாநிலம் கேட்டு, மத்திய அரசு அதைத் தளர்த்துவது உண்டு. ஆனால் உத்தரவு வரும், பேப்பரில் வரும், எந்தத் தேதியிலிருந்து எத்தனை சதவீதம் என்று களத்தில் நிற்கிற விவசாயிக்கும் தெரியும். தளர்த்திய பிறகும் அந்த நெல்லை யாரும் ‘காய்ந்த நெல்’ என்று பட்டியலில் எழுதியதில்லை.

பேஸ் ஆய்வில் உடல் செயல்பாட்டுக்கு 100 வரை மதிப்பெண். 65 அல்லது அதற்குக் கீழே இருந்தால்தான் நோயாளி என்று சேர்த்துக்கொண்டார்கள். குணமானவர் என்று சொல்ல 85 வேண்டும் என்று முதலில் எழுதி வைத்திருந்தார்கள். பிறகு அதை 60 ஆக்கினார்கள். ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 65-இல் நோயாளியாக உள்ளே வந்தவர் 60-க்கு இறங்கிப் போனாலும், அந்தக் கணக்கில் தேறியவர். குணத்துக்கு வைத்த நான்கு அளவுகோல்களில் இது ஒன்றுதான், மற்றவையும் இருந்தன. ஆனாலும் இதுவோ சோர்வுக்கு வைத்த அளவுகோலோ, இரண்டில் ஒன்றைச் சேர்ந்த அன்றைக்கே தாண்டியிருந்தவர்கள் நூற்றுக்கு 13 பேர். எங்கள் மெஷினில் ஒரே குவியலை உள்ளே வரும்போது ஈரம், வெளியே போகும்போது காய்ந்தது என்று காட்டியிருந்தால், மெஷினையும் என்னையும் சேர்த்து ஆற்றில் போட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஆரம்பத்தில் நோயாளிகளின் காலில் நடமாட்டத்தை அளக்கும் கருவியைக் கட்டினார்கள், முடிவில் அதைக் கட்டவேயில்லை. நோயாளிகளுக்குச் சிரமமாம். அளவு போய்விட்டது, “எப்படி இருக்கிறது?” என்று கேட்டு வாங்கிய பதில்தான் மிஞ்சியது.

இதைக் கண்டுபிடித்தவர்களில் பலர் படுக்கையில் கிடந்த நோயாளிகள். ஆஸ்திரேலியாவில் இருந்த ஒருவர் 2014-இல் பிரிட்டனின் தகவல் உரிமைச் சட்டப்படி, நோயாளிகளின் பெயர் நீக்கிய தரவைக் கேட்டார். தரவை வைத்திருந்த பல்கலைக்கழகம் மறுத்தது, தகவல் ஆணையர் கொடுக்கச் சொன்னார், பல்கலைக்கழகம் தீர்ப்பாயத்துக்குப் போனது. கொடுக்காமல் இருப்பதற்கு வக்கீல் செலவு மட்டும் 2 லட்சம் பவுண்டுக்கு மேல். 2016 ஆகஸ்டில் தீர்ப்பாயமும் கொடு என்றது. முதலில் எழுதி வைத்த அளவுகோலைக் கொண்டு மறுபடி கணக்குப் போட்டபோது 22 என்பது பேச்சுச் சிகிச்சையில் 7, உடற்பயிற்சியில் 4. டாக்டரை மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்களில் 3. ஆய்வாளர்கள் இந்த மறுகணக்கை ஏற்கவில்லை, கட்டுரையும் திரும்பப் பெறப்படவில்லை. ஆனால் எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, அந்தப் படிப்படிப் பயிற்சியைக் கொடுக்காதீர்கள் என்று எழுதியது.

டேவிட் டுல்லர் என்ற பத்திரிகையாளர் 2015 முதல் இந்த ஆய்வைத் தோண்டித் தோண்டி எழுதினார். பிறகு அவர் வேலைக்கு நோயாளிகளே சில்லறை சில்லறையாகப் பணம் சேர்த்து பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். நானும் ஒரு சிப்பம் நெல் விலை அளவுக்கு அனுப்பினேன், தங்கச்சி மகன் கார்டில். வேலை இல்லாதவன் எதற்கு அமெரிக்காவுக்குப் பணம் அனுப்புகிறான் என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு.

எங்களை அறிவியலுக்கு எதிரிகள் என்கிறார்கள். நான் அறிவியலை நம்பியதால்தான் ஐந்து வாரம் நடந்தேன், நம்பாதவன் அந்தத் தாளை மடித்து அரிசி டின்னுக்கு அடியில் வைத்திருப்பான்.

வெளியார் ஒருவர் மறுபடி பார்த்தால் எப்போதும் ஆய்வைக் கவிழ்த்துவிடுவார் என்றும் நினைக்க வேண்டாம். சர்க்கரைக்குக் கொடுத்த ரோசிகிளிட்டசோன் மாத்திரை ஞாபகம் இருக்கலாம். ஒரு வழக்கில் செய்துகொண்ட சமரசத்தின்படி கம்பெனி வெளியிட்ட முடிவுகளையும் சேர்த்து 42 ஆய்வுகளை 2007-இல் ஸ்டீவன் நிஸ்ஸன் அலசி, மாரடைப்பு அபாயம் கூடுகிறது என்றார். 2010-இல் இந்தியாவில் தடை. அதன் பிறகு பெரிய ஆய்வு ஒன்றை வெளியார் மீண்டும் சரிபார்த்தபோது அபாயம் அவ்வளவாகத் தெரியவில்லை, 2013-இல் அமெரிக்கா கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. இரண்டு பக்கமும் போகும். தராசு அப்படித்தான் இருக்க வேண்டும்.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்றால், அடுத்த கூட்டத்தில் அந்தக் கோப்பு உங்கள் முன்னால் வரும்போது கணக்குப் பக்கங்கள் புரியாவிட்டால் விட்டுவிடுங்கள். மருத்துவ ஆய்வுகளின் விவரங்களைப் பதிந்து வைக்கும் இந்தியாவின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேடு 2007 முதல் இருக்கிறது, 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம். இந்த ஆய்வில் எதை ‘குணம்’ என்று வைத்திருக்கிறீர்கள், அதை அங்கே எழுதியாயிற்றா என்று கேளுங்கள். நடுவில் மாற்றினால் எங்களிடம் வந்து சொல்வீர்களா என்று கேளுங்கள். முடிந்த பிறகு, உங்கள் ஆட்கள் அல்லாத ஒருவர் பெயர் நீக்கிய தரவைக் கேட்டால் கொடுப்பீர்களா, அதை நோயாளி கையெழுத்துப் போடும் தமிழ்ப் படிவத்திலேயே எழுதுவீர்களா என்றும் கேளுங்கள். தரவைப் பகிர நோயாளியின் ஒப்புதல் இல்லையே என்று பின்னாளில் கைவிரிக்க முடியாமல் போகும் என்பதால்தான் இந்தக் கடைசிக் கேள்வி.

கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஈரம் பார்க்கும்போது “இன்னொரு கை நெல்லை அள்ளிப் பாருங்க” என்று சொல்லும் விவசாயியிடம் நானும் சுளித்திருக்கிறேன். ஆனால் அள்ளிப் பார்த்தேன்.

தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ என் நோய்க்கு ஒரு ஆய்வு நடந்து, படிவத்தில் அந்த ஒரு வரி இருந்தால், என் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுக்கலாம், கருவி கட்டலாம், முடிவு எனக்குப் பிடிக்காத பக்கம் போனாலும் பரவாயில்லை. காலையில் கூப்பிடச் சொல்லுங்கள், பதினோரு மணிக்கு மேல் என்னால் உட்கார முடியாது.

இப்படிக்கு,
முன்னாள் பட்டியல் எழுத்தர் ஒருவன்,
மன்னார்குடி வட்டம்.