‘சி’ என்ற ஓர் எழுத்துக்காக ஒரு கடிதம்

அன்புள்ள கயல்விழிக்கு,

நேற்றிரவு நீ அனுப்பிய ஒலிப்பதிவை மூன்று முறை கேட்டேன். புள்ளியும் கோடுமாக எழுத்துகளை ஒலிக்கும் மோர்ஸ் குறியீட்டில் ‘சி’ (C) என்ற ஆங்கில எழுத்தை இருபது தடவை தட்டியிருக்கிறாய். ஆனால் என் காதில் விழுந்தது பெரும்பாலும் ‘என் என்’ (N N) என்ற இரண்டு எழுத்துகள்தான். டா டி டா டிட் (‘டா’ என்றால் கோடு, ‘டி’, ‘டிட்’ என்றால் புள்ளி) என்று ஒரே மூச்சில் வர வேண்டியது, டா டிட், டா டிட் என்று நடுவில் முறிந்து நிற்கிறது. புள்ளியிலும் கோட்டிலும் குறையில்லை. இடையில் விடும் மௌனம்தான் நீண்டுவிடுகிறது.

புள்ளியின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டால் கோடு 3 அலகு, எழுத்துக்குள் வரும் மௌனம் 1 அலகு, இரண்டு எழுத்துகளுக்கு இடையே 3 அலகு. ஆக, ‘சி’ முழுவதும் 11 அலகு. அமெச்சூர் வானொலி உரிமத்துக்கான ஜெனரல் கிரேடு தேர்வில் கேட்கும் நிமிடத்துக்கு 8 சொல் வேகத்தில் ஓர் அலகு என்பது 0.15 விநாடி, அந்த நடு மௌனம் 0.45 விநாடியாக நீண்டால் உன் ‘சி’ இரண்டாகப் பிளந்துவிடும். கடைசிப் புள்ளிக்கு முன் அதே அளவு தயங்கினாலோ, ‘கே’யும் ‘ஈ’யும் ஆகிவிடும்.

நான் முதன்முதலில் வானொலியில் ‘சி க்யூ’ (CQ, கேட்பவர் யாராயினும் பதில் தருக என்னும் பொது அழைப்பு) அழைத்த நாளில், எதிர்முனையிலிருந்து டி டி டா டா டி டிட் என்று ஒரு கேள்விக்குறி மட்டுமே வந்தது. ஆன்டெனாவையும் கேபிளையும் ஒரு வாரம் சோதித்த பிறகுதான் பழுது என் கையில் இருப்பது புரிந்தது.

உன் பதிவில் மோர்ஸ் தட்டும் கருவியான கீயின் குமிழ் ‘டக்’கென்று மோதும் சத்தமும் கேட்கிறது. அதை அடிக்காதே, கட்டைவிரலாலும் அடுத்த இரண்டு விரல்களாலும் லேசாகப் பிடித்து, முழங்கையை மேசையில் ஊன்றி, மணிக்கட்டை அசை. தொடுமுனைகளின் இடைவெளியையும் ஒரு தபால் அட்டையின் தடிமனுக்குக் குறைத்துக்கொள். சுவரில் ஒட்டியிருக்கும் புள்ளி, கோடு அட்டவணையை இன்றே கழற்றிவிடு. பார்த்துப் படித்தவர்களுக்குத்தான் நடுவில் எண்ணும் பழக்கம் வருகிறது. மிருதங்கம் கற்பவர் சொற்கட்டை வாயால் சொல்லிப் பழகுவதைப் போல, நீயும் டா டி டா டிட் என்று சொல்லிக்கொண்டே தட்டு. எழுத்தை நிதானமாக இழுப்பதைவிட, நிமிடத்துக்கு 16 சொல் வேகத்தில், அதாவது ஏறக்குறைய 0.83 விநாடியில், தட்டி முடித்துவிட்டு அடுத்ததற்கு நெடுநேரம் காத்திருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு பதிவு அனுப்பு. ‘சி’ மட்டும் போதும். ‘க்யூ’வை இப்போதைக்குத் தொடாதே.

அன்புடன்,
சித்தப்பா