ஸ்கேன் அறிவிப்பில் காரணமும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மீயொலி (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேன் சோதனைக்கு நாள் குறித்து நோயாளிகளுக்கு வரும் அறிவிப்புகளில் 'ஆறு மணி நேரம் எதுவும் உண்ணக்கூடாது', 'தண்ணீர் குடித்துவிட்டுச் சிறுநீர் கழிக்காமல் வரவும்' என்பன போன்ற கட்டளைகள் இருக்கின்றன. அவை எதற்காக என்ற விளக்கம் பெரும்பாலும் இருப்பதில்லை. காரணம் தெரியாத கட்டளையை நம் மூத்தோர் தங்கள் வசதிக்கேற்பத் தளர்த்திக்கொள்வார்கள் என்பதை, மருத்துவமனை ஒன்றின் ஸ்கேன் பிரிவில் பல காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற நான் நன்கறிவேன். அக்காரணங்களைத் தமிழிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மீயொலி ஸ்கேனில், எக்ஸ்ரேயில் உள்ளது போன்ற கதிர்வீச்சு கிடையாது. காதுக்கு எட்டாத, நொடிக்குப் பல லட்சம் முறை அதிரும் ஒலியை உடலுக்குள் செலுத்தி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். இந்த ஒலிக்குக் காற்று ஆகவே ஆகாது. தோலில் குளிர்ந்த ஜெல் தடவுவது கருவிக்கும் தோலுக்கும் இடையிலுள்ள காற்றை விலக்குவதற்காக. வயிற்று ஸ்கேனுக்கு உண்ணாமல் வரச் சொல்வதற்கு, குடலில் சேரும் வாயு கணையம் போன்ற உறுப்புகளை மறைத்துவிடும் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் பித்தப்பை. வெறும் வயிற்றில் பித்தநீர் நிரம்பிப் பருத்திருக்கும் அந்தப் பை, கொழுப்புள்ள எதையேனும் உட்கொண்டதும் சுருங்கிவிடும். சுருங்கினால் அதன் சுவர் தடித்ததுபோல் தோன்றும், உள்ளே இருக்கும் சிறு கல்லும் கண்ணில் படாமல் போகலாம். 'ஒன்றும் சாப்பிடவில்லை, காலையில் ஒரு தே மட்டும்தான் குடித்தேன்' என்று சொல்வோர் பலர். அந்தத் தேயில் கலந்த பாலே பித்தப்பையைச் சுருக்கிவிடக்கூடும்.

படுக்கையில் இடப்பக்கமாகப் புரளச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பித்தப்பைக்குள் தெரியும் வெள்ளைப் புள்ளி கல்லாக இருந்தால் பொதுவாக உருண்டு இடம் மாறும், அதன் பின்னால் கறுப்பாக நிழல் விழும். சுவரோடு ஒட்டிய சதை வளர்ச்சியாக இருந்தால் அசையாது. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வது, விலா எலும்புகளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கல்லீரலைச் சற்றே கீழிறக்குவதற்காக.

நம் சமூகத்தில் நீரிழிவு மிகுதி என்பதால், பட்டினியைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்சுலின் ஊசியோ கிளிப்பிசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர், வழக்கமான அளவை எடுத்துக்கொண்டு சாப்பிடாமலும் இருந்தால், இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அத்தகையோர் நாள் குறிக்கும்போதே நீரிழிவு இருப்பதைச் சொல்லி, காலையில் முதல் நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். அன்றைக்கு மருந்தை எப்படி எடுப்பது என்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். காத்திருக்கும்போது கை நடுங்கி வியர்த்துக் கொட்டினால், சோதனை வீணாகிவிடுமே என்று பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. தாதியிடம் சொல்லிவிட்டு உடனே இனிப்பு எதையாவது சாப்பிடுங்கள். ஸ்கேனை வேறொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். இரத்த அழுத்தம், இதயம் ஆகியவற்றுக்கான மாத்திரைகளைச் சிறிது தண்ணீரோடு விழுங்குவதற்குப் பொதுவாகத் தடையில்லை. அதையும் கேட்டு உறுதிசெய்துகொள்வது நல்லது.

அடிவயிற்று ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும் என்பது இதற்கு நேர்மாறாகத் தோன்றினாலும் காரணம் அதேதான்: நீர் நிறைந்த பை, வாயு அடைத்த குடலை ஒதுக்கித் தள்ளி, கருப்பைக்கும் சினைப்பைக்கும் ஒலி செல்ல வழிவிடுகிறது.

சோதனை செய்பவர் பேசாமலே இருப்பதைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. படத்தை நிறுத்துவதும் அளவெடுப்பதும் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அன்றாட வேலை. படங்களை ஆராய்ந்து அறிக்கை தருவது கதிரியக்க மருத்துவரின் பொறுப்பு என்பதால்தான் அவர் முடிவு எதையும் சொல்வதில்லை. கால் இரத்தக்குழாயைச் சோதிக்கையில் திரையில் தோன்றும் சிவப்பும் நீலமும்கூட நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்பதைக் காட்டுவன அல்ல. வழக்கமாக, கருவியை நோக்கி வரும் ஓட்டம் சிவப்பாகவும் விலகிச் செல்வது நீலமாகவும் காட்டப்படும், அவ்வளவே.

'ஸ்கேனில் ஒன்றுமில்லை' என்பதை முழு உடலுக்கும் கிடைத்த நற்சான்றாக எடுத்துக்கொள்வதையும் நான் ஏற்பதில்லை. இரைப்பைப் புண்ணை இந்த ஸ்கேனை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. காற்று நிறைந்த நுரையீரலின் உட்பகுதியும் தெரியாது. சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கு எதிரான தடுப்பூசி போடும் வழக்கம் 1987ல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்து, அக்கிருமி உடலில் நிலைத்துவிட்ட பலருக்கு ஆறு மாதத்திற்கு ஒருமுறை கல்லீரல் ஸ்கேன் எடுக்க மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஒருமுறை நன்றாக இருந்தது என்பது அடுத்த முறை போகாமல் இருப்பதற்குக் காரணமாகாது.

இனி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தும் சிகிச்சைகள். தைராய்டுக் கட்டியிலிருந்து உயிரணுக்களை உறிஞ்சி எடுப்பது, கல்லீரலிலிருந்து சிறு திசுத் துண்டை எடுப்பது, நெஞ்சில் தேங்கிய நீரை வெளியேற்றுவது, மூட்டில் மருந்து போடுவது எல்லாம் இவ்வகையில் சேரும். ஊசி திரையில் வெள்ளைக் கோடாகத் தெரிய, மருத்துவர் அதைப் பார்த்தபடியே குறியிடத்திற்குக் கொண்டுசெல்வார். தைராய்டில் ஊசி இருக்கும் அந்தச் சில நொடிகள் எச்சில் விழுங்கவோ பேசவோ கூடாது. போதிய உயிரணுக்கள் கிடைக்காமல் மறுபடியும் வரச் சொல்வது உண்டு. அதற்குப் புற்றுநோய் என்று பொருளில்லை.

இதில் மிகப் பெரிய ஆபத்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை வைத்து வருகிறது. வார்ஃபரின், கிளோபிடோகிரெல், ஆஸ்பிரின் போன்றவற்றை எடுப்பவர் அதை மறைத்தால் இரத்தக்கசிவு ஏற்படலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று தாமாகவே நிறுத்தினால், இதய இரத்தக்குழாயில் அடைப்பு நீங்க ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாய் வைத்தவருக்கு மாரடைப்போ, சீரற்ற இதயத்துடிப்பு உள்ளவருக்குப் பக்கவாதமோ வரலாம். மெல்லிய ஊசியால் தைராய்டைக் குத்துவதற்குப் பல வேளைகளில் மருந்தை நிறுத்தத் தேவையிருக்காது. கல்லீரல் திசு எடுப்பதற்குப் பெரும்பாலும் நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்பதை மருத்துவர்களே முடிவு செய்ய வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை, நாட்டு மருந்து ஆகியவற்றையும் மருந்துப் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள். கல்லீரல் ஊசிக்குப் பிறகு சில மணி நேரம் படுக்கவைப்பது, கசிவு நேர்ந்தால் அது பெரும்பாலும் அந்நேரத்திலேயே தெரியவரும் என்பதால்தான். வீடு திரும்பியபின் வயிற்று வலி கூடினாலோ தலைசுற்றி மயக்கம் வந்தாலோ, காலைவரை காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படும் தோள்மூட்டு இறுக்கத்திற்குப் போடப்படும் ஸ்டீராய்டு ஊசி, சில நாள்களுக்குச் சர்க்கரையை ஏற்றிவிடும். இதை அறியாமல், சாப்பாட்டில் என்ன தவறு செய்தோம் என்று குழம்புகிறார்கள்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுபவர் நோயாளிதான். மகளோ மகனோ மொழிபெயர்க்கும்போது, அம்மா பயந்துவிடுவார் என்று 'கசிவு', 'புற்றுநோய்' போன்ற சொற்களை விழுங்கிவிடுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்பினால் செய்வதுதான் என்றாலும், படிவத்தில் உள்ள பாதி அவருக்குத் தெரியாமலே போகிறது. தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் விளக்க முடியுமா என்று கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை. மருத்துவமனைகளும் அறிவிப்பின் ஒவ்வொரு கட்டளைக்குக் கீழும் ஒரு வரி காரணத்தைத் தமிழிலும் அச்சிட்டால், திருப்பி அனுப்பப்படும் நோயாளிகள் குறைவார்கள் என்பது என் கணிப்பு.

சென்னையிலோ ஜோகூர் பாருவிலோ முன்பு ஸ்கேன் எடுத்தவர்கள் அந்த அறிக்கையையும் படங்களையும் உடன் கொண்டுவாருங்கள். கட்டியின் பழைய அளவு கையில் இருந்தால், அது வளர்ந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்பதை மருத்துவர் அன்றே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இல்லாவிட்டால் அதை அறிய இன்னொரு ஸ்கேன்வரை காத்திருக்க நேரும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்கேன் பிரிவு ஊழியர்,
ஈசூன்