கேள்வியை அழிக்காதீர்கள்: கடலூர் மாவட்டத்து இயற்பியல், கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பி.எஸ்சி. கணிதம் படித்தவன். பதினாறு வருடமாக உங்கள் மாணவர்களின் நோட்டுகள் என் கைவழியாகத்தான் போய் வருகின்றன. பிரதி எடுக்கும்போது பக்கம் பக்கமாகப் புரட்டி வைப்பது நான் என்பதால், உங்கள் கண்ணில் படாத ஒன்று என் கண்ணில் படுகிறது. ஓரத்தில் பென்சிலால் சின்ன எழுத்தில் எழுதி, பிறகு ரப்பரால் அழித்த கேள்விகள். எவ்வளவு அழித்தாலும் ஜெராக்ஸில் மங்கலாக விழுந்துவிடும்.

‘எலக்ட்ரான் ஏன் கருவுக்குள்ள விழல?’ ‘0! எப்படி 1 ஆகும்?’ ‘கண்ணாடில இடம் வலம் மாறுதே, மேல கீழ ஏன் மாறல?’

ஒரு பெண்ணிடம் ஏன் அழித்தாய் என்று கேட்டேன். “மிஸ் கரெக்‌ஷனுக்கு வாங்குவாங்க அண்ணா, அதான்” என்றாள். இந்த மடலை எழுத வைத்தது அந்தப் பதில்தான்.

பிளஸ் ஒன் படித்தபோது எனக்கும் இது நடந்தது. ஒளியின் வேகம் மாறாது என்று பாடம் நடந்தது. யாரைப் பொறுத்து மாறாது என்று எழுந்து கேட்டேன். “பரீட்சைக்கு வராது, உட்காரு” என்றார்கள். உட்கார்ந்தேன். அந்த வருடம் முழுக்க வேறு எதையும் கேட்கவில்லை. நான் கேட்டது சார்பியல் கோட்பாட்டின் வாசலில் நிற்கும் கேள்வி என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. போர்ஷனை முடிக்க வேண்டும், தேர்ச்சி விகிதம் குறையக் கூடாது, நடுவில் நீட் வேறு. மனப்பாடத்தையும் நான் மட்டமாகச் சொல்லவில்லை. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சோழிகளைத் தரையில் பரப்பி, எண்களைக் குறிக்கும், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிச் சொல்லி, ஜான் வாரன் என்ற அதிகாரிக்கு ஒரு சந்திர கிரகணத்தையே கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் பிழை 4 நிமிடம்தான். நடுவில் அது 23 நிமிடம், முடியும்போது 52 நிமிடம். படித்ததும் எனக்கு மலைப்பாக இருந்தது. பிழை ஏன் அப்படிக் கூடிக்கொண்டே போனது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

இப்போது நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு கதை. திருக்கோவிலூர் அன்றைக்குத் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத்தின் தலைநகர் கடலூர். திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். 1907-இல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவரும் அவரே. 1910-இல் ஓர் இளைஞர் குமாஸ்தா வேலை கேட்டு, கையில் நோட்டுடன் அவரைப் பார்க்கப் போனார். அந்த இளைஞர் ராமானுஜன். துணை கலெக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். குமாஸ்தா வேலை தரவில்லை. சென்னையில் தனக்குத் தெரிந்த கணித ஆர்வலர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார்.

அந்தக் கழகத்தின் இதழில் கேள்விகளுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. யாரும் கேட்கலாம், யாரும் விடை அனுப்பலாம். 1911-இல் ராமானுஜன் அதில் ஒரு கேள்வி போட்டார்: √(1+2√(1+3√(1+4√(1+…)))) முடிவில்லாமல் போனால் அதன் மதிப்பு என்ன? ஆறு மாதம் ஆனது. யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார்: 3. இதில் என் மனதைப் பிடித்தது விடையைவிட அந்த ஆறு மாதம்தான். விடை வராத கேள்வி அச்சில் அப்படியே இருந்தது. யாரும் அதை அழிக்கவில்லை.

என் கடை வாசலில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. ஏழு மணிக்கு மேல் நாலைந்து பேர் சேர்வோம். துறைமுகத்தில் படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் ஒருவர், ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், டியூஷன் முடிந்து போகும் பிள்ளைகள். ஒரு நாள் இந்தக் கணக்கை வீணான தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். 3 என்பது √9, அதாவது √(1+2×4). அந்த 4 என்பது √(1+3×5). அந்த 5 என்பது √(1+4×6). இப்படியே போகலாம், ஆகவே விடை 3 என்று பெருமையாக முடித்தேன்.

பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். “அண்ணா, இதே மாதிரி 4-ல ஆரம்பிச்சாலும் போகுமே?” என்றாள். 4 என்பது √16, அதாவது √(1+2×7.5). அந்த 7.5-ஐயும் √(1+3×18.4…) என்று எழுதலாம். போகத்தான் செய்தது. அப்படியானால் விடை 4 என்றும் சொல்லலாமே!

எனக்குப் பேச்சே வரவில்லை. பி.எஸ்சி. முடித்து இத்தனை வருடமாக அந்த நிரூபணத்தை முழுமையானது என்றே நம்பியிருந்தேன். சர்வேயர் ஐயாதான் கால்குலேட்டரை எடுத்து, ஒவ்வோர் அடுக்காக வெட்டிப் பார்க்கலாம் என்றார். 1.73, 2.24, 2.56, 2.76. எண்கள் 3-ஐ நோக்கிப் போயின. அப்புறம் மெக்கானிக் இன்னொன்றைக் கவனித்தார். 3-இல் தொடங்கினால் உள்ளே வரும் எண்கள் 3, 4, 5, 6 என்று சீராக ஏறுகின்றன. 4-இல் தொடங்கினால் 4, 7.5, 18.4, 84.5 என்று எகிறுகின்றன. அங்கேதான் விஷயம் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு ஒன்பதரை வரை பேசினோம். கணிதத்தில் எல்லை (லிமிட்) என்றால் என்ன என்று கல்லூரியில் படித்தது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் வகுப்பில் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லையாம்.

அவசரப்பட்டுப் பதில் சொல்வதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிலா கடலிலிருந்து எழும்போது ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று ஒரு பையன் பள்ளியில் கேட்டிருக்கிறான். காற்று மண்டலம் லென்ஸ் மாதிரி பெரிதாக்குகிறது என்று பதில் வந்திருக்கிறது. பௌர்ணமி அன்று அவனையும் கூட்டிக்கொண்டு தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்குப் போனோம். கடையில் பஞ்ச் மெஷினால் ஓட்டை போட்ட தாள் ஆளுக்கொன்று. கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, ஓட்டை வழியாகப் பார்த்தால் சிவந்த பெரிய நிலா அதற்குள் அடங்கி, சுற்றிலும் கொஞ்சம் இடமும் மிச்சம் இருந்தது. சுண்டல் தின்று, கதை பேசி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தோம். உச்சியை நோக்கி ஏறிய சின்ன நிலாவைச் சுற்றியும் அதே அளவு இடம்தான் மிச்சம்.

பையன் தாளை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தான். நிலா பெரிதாகவே இல்லை. சொல்லப்போனால் உதிக்கும்போது நமக்கும் நிலாவுக்கும் நடுவே பூமியின் ஆரம், கிட்டத்தட்ட 6,400 கி.மீ., கூடுதல் தூரம் இருக்கிறது. நிலாவின் தூரம் 3,84,000 கி.மீ. என்பதால், தலைக்கு மேலே இருப்பதைவிட அது ஒன்றரை சதவீதம் போலச் சிறிதாகத்தான் இருக்க வேண்டும். காற்று மண்டலம் செய்வது அதை மேலும் கீழுமாக லேசாக நசுக்குவதுதான். பெரிதாகக் காட்டுவது நம் மூளை. அது ஏன் அப்படிச் செய்கிறது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பையன் கேட்ட கேள்வி, ஆய்வாளர்கள் இன்றும் வாதாடும் இடத்தில் போய் நிற்கிறது. அன்றைக்கு அவனிடம், “தெரியலப்பா, சேர்ந்து பார்ப்போம்” என்று சொல்லியிருந்தால் போதும்.

நான் கேட்பது இதுதான். வகுப்பறைப் பலகையின் வலது மூலையில் ஒரு முழம் இடம் ஒதுக்குங்கள். அங்கே ஒரு கேள்வி இருக்கட்டும். கேட்ட பிள்ளையின் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். விடை வரும்வரை, ஒரு மாதமானாலும் ஒரு பருவமே ஆனாலும், அதை யாரும் அழிக்கக் கூடாது. பதில் சொல்ல வேண்டியது நீங்கள் மட்டும் என்றில்லை. வாரத்தில் ஒரு நாள் கடைசிப் பத்து நிமிடம் அதைப் பற்றிப் பேசினால் போதும்.

முதல் கேள்வி கிடைக்கவில்லை என்றால் நான் ஒன்று தருகிறேன். 23-ஐ 1, 8, 27 போன்ற முப்படி எண்களின் கூட்டலாக எழுத எத்தனை எண்கள் வேண்டும்? இரண்டு 8, ஏழு 1, மொத்தம் ஒன்பது. அதற்குக் குறைவாக முடியாது. இது ஏழாம் வகுப்புக்கே போதும். அப்படியே ஆறாம் படிக்குப் போனால் 703-க்கு 73 எண்கள் வேண்டும். எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் தேவைப்படாது என்று 1940-இல் நிரூபித்தவர் எஸ்.எஸ். பிள்ளை. 1929 முதல் 1941 வரை அவர் பாடம் நடத்தியது இங்கே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

என் பங்குக்கு, எந்தப் பள்ளியிலிருந்து வந்தாலும் கேள்விகளைப் பிரதி எடுக்கக் காசு வாங்க மாட்டேன். கடைக் கதவில் இப்போது ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, எட்டாம் வகுப்புப் பெண்ணின் கையெழுத்தில்: ‘காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் அலை மட்டும் ஏன் கரைக்கு நேராவே வருது?’ மூன்று வாரமாகப் பேசுகிறோம். சர்வேயர் ஐயா ஆழம்தான் காரணம் என்கிறார், மெக்கானிக் ஒத்துக்கொள்ளவில்லை. உங்களில் யாராவது ஒரு சாயங்காலம் வந்தால் பெஞ்சில் இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பம் ஜெராக்ஸ் கடைக்காரன்