மறுபடியும் அந்தக் கரிநெருப்புக்குப் பக்கத்தில்

அன்புத் தம்பிக்கு,

நாலு வாரமாக உன்னை ஆராதனையில் காணவில்லை, போனையும் எடுப்பதில்லை. "எந்த முகத்த வச்சுக்கிட்டு வர்றது அண்ணா" என்று கடைசியாக நீ அனுப்பிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வரியில் பதில் போட முடியவில்லை. நடந்தது என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை, அது உனக்கும் எனக்கும் தெரியும். இதே கேள்வியோடு வேறு யாராவது உட்கார்ந்திருக்கலாம் என்பதால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

இயேசுவின் சீடன் பேதுரு, அவர் பிடிபட்ட ராத்திரியில் அவரைத் தெரியாது என்று மறுதலித்ததைப் பற்றி வாலிபர் கூட்டத்தில் நீயே பேசியிருக்கிறாய். ஆனால் அந்த நெருப்பைக் கவனித்தாயா? யோவான் சுவிசேஷம் 18-ஆம் அதிகாரத்தில் குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டி வேலைக்காரர்கள் நிற்கிறார்கள், பேதுருவும் அவர்களோடு நின்று குளிர்காய்கிறான், அங்கேதான் "நான் அல்ல" என்கிறான். அந்தக் கரிநெருப்புக்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில்தான் வருகிறது. இன்னொன்று யோவான் 21, இயேசு உயிர்த்தெழுந்த பிறகு, சீடர்கள் படகில் மீன்பிடிக்கப் போயிருந்தபோது. கரையில் நிற்பது கர்த்தர் என்று கேட்டதும் பேதுரு மேற்சட்டையைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்கிறான். கரைக்கு ஏறக்குறைய இருநூறு முழம். சொட்டச் சொட்ட வந்து ஏறினால் எதிரே கரிநெருப்பு! அந்தப் புகை மூக்கில் ஏறியதும் அவனுக்கு எந்த ராத்திரி ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

இயேசு முதலில் விசாரணை நடத்தவில்லை. "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்றார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேட்கிறார், அதுவும் மூன்று தடவை, மூன்றாவது தடவை பேதுருவுக்குத் துக்கமாகிவிடுகிறது. "போனது போகட்டும், விடு" என்று அவர் தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை, "ஏன் அப்படிச் செய்தாய்" என்று குடையவும் இல்லை. என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா என்று மட்டும் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் தம் ஆடுகளை, அதாவது தம்மைப் பின்பற்றுகிறவர்களை, மேய்க்கச் சொல்லி அவன் கையில் கொடுக்கிறார். மன்னிப்பு என்றால் நடந்ததை மறைத்துவிடுவது என்று நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், தம்பி. இல்லை. எந்த இடத்தில் விழுந்தோமோ அந்த இடத்துக்கே அவர் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார், ஆனால் இந்த முறை நெருப்பை மூட்டி வைத்திருப்பவர் அவர்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டவன்தான். அதற்கு வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான், பாவஞ்செய்தேன் என்று வாய்விட்டும் சொன்னான். ஆனால் யாரிடம் போய்ச் சொன்னான்? "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்ற பிரதான ஆசாரியரிடமும் மூப்பரிடமும். வெட்கம் நம்மை எப்போதும் இரக்கமில்லாத ஆளிடமே தீர்ப்புக் கேட்க அனுப்புகிறது. உன் விஷயத்தில் அந்த ஆள் உன் தலைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறான் என்று நினைக்கிறேன். பேதுரு மனங்கசந்து அழுதான், ஆனால் மற்றவர்களை விட்டுப் போகவில்லை. கல்லறை வெறுமையாய் இருக்கிறது என்று மகதலேனா மரியாள் ஓடிவந்தபோது அவனை அவளால் கண்டுபிடிக்க முடிந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். வேலையில் நான் செய்த தப்பு ஒன்றை என்னோடு வேலை செய்த ஒருவர் மேல் போட்டேன், அவரும் அதற்காகப் பேச்சு வாங்கினார். கர்த்தரிடம் எத்தனையோ ராத்திரி மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் ஒருநாள் அந்த நண்பர் வீட்டு வாசலில் போய் நின்றேன், காலிங் பெல்லில் விரலை வைத்தபடி, அழுத்தாமல், ரொம்ப நேரம். கதவைத் திறந்தவருக்குக் கையெல்லாம் ஈரம். நான் சொல்லி முடிக்கும்வரை துடைக்காமல் நின்று கேட்டார். "சரி, உள்ள வாங்க" என்றார். பழையபடி என்னை நம்ப அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது, அது நியாயம்தான். தேவன் மன்னித்ததற்கும் மனுஷர் நம்புவதற்கும் நடுவில் இப்படி ஒரு காலம் இருக்கும், அதை மன்னிப்பே கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதே.

நீ யாரைக் காயப்படுத்தினாயோ அவர்களிடம் போக வேண்டியிருக்கும். நான் கூட வருகிறேன், வாசல் வரைக்குமாவது. அதற்கு முன்னால் இந்த ஞாயிறு வா. யாருக்கும் எதையும் விளக்க வேண்டாம், பாட முடியாவிட்டால் பாட வேண்டாம். கடைசி வரிசையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன், பக்கத்து நாற்காலியில் என் பைபிளை வைத்து உனக்கு இடம் பிடித்து வைக்கிறேன்.

அண்ணன்