அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பேச்சுப் போட்டி எல்லாவற்றிலும் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பரிசு வாங்கியவர்களின் பெயர்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன, அவர்களுக்கும் பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்கும் வாழ்த்துகள். பள்ளி திறக்கும் தேதி பிள்ளைகளின் டைரியில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், போன வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பிலிருந்து மேலே உள்ள பிள்ளைகளுக்கு அரங்கத்தில் ஒரு படம் போட்டோம். பெயர் 'டெம்பிள் கிராண்டின்', 2010இல் வந்தது. படிக்கிற பிள்ளைகளுக்குச் சினிமா எதற்கு என்று சிலர் போன் செய்தீர்கள். மாடு அறுக்கும் கூடமெல்லாம் அதில் வருகிறதாமே என்று வேறு சிலர் வருத்தப்பட்டீர்கள். கேட்டதில் தப்பில்லை, பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

அமெரிக்காவில் எச்பிஓ தொலைக்காட்சிக்காக மிக் ஜாக்சன் எடுத்த படம் அது. தொலைக்காட்சிக்கென்று அங்கே கொடுக்கும் எம்மி விருதுகளில் ஏழு வாங்கியது. ஆனால் தியேட்டருக்கு வராத டிவி படம் என்பதாலோ என்னவோ, நம் பக்கத்தில் நன்றாகப் படம் பார்க்கிறவர்களுக்குக்கூட இதன் பெயர் தெரிவதில்லை. எனக்கு அது பெரிய ஆதங்கம். டெம்பிள் கிராண்டின் என்ற பெண்ணின் உண்மைக் கதை அது. அவர் 1947இல் பாஸ்டனில் பிறந்தவர், இன்று கால்நடை அறிவியலில் உலகம் அறிந்த பேராசிரியர். மூன்றரை வயது தாண்டும்வரை பேச்சு வரவில்லை. ஆட்டிசம், அதாவது பேச்சிலும் பழகுவதிலும் சத்தம், தொடுதலை உணர்வதிலும் வேறுபாடு காட்டும் மூளை வளர்ச்சி நிலை, என்று தெரிந்தபோது, மனநலக் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள் என்றுதான் அந்தக் காலத்தில் சொன்னார்கள். அம்மா மறுத்துவிட்டார்.

படம் முழுவதையும் தோளில் சுமப்பவர் டெம்பிளாக நடித்த கிளேர் டேன்ஸ். பெரிய பெரிய அடி எடுத்து வைக்கும் நடை, ஏற்ற இறக்கம் இல்லாமல் உரக்க, அவசரமாக வரும் பேச்சு, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்காத பார்வை. எதையும் நம்மிடம் இரக்கம் கேட்டுச் செய்யவில்லை, அதுதான் அந்த நடிப்பின் உயரம் என்பேன். ஒரு காட்சியில் சூப்பர் மார்க்கெட்டின் தானாகத் திறந்து மூடும் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் உள்ளே போக முடியாமல் நிற்பார். நமக்கெல்லாம் அது கதவு, அவருக்கு மேலே வந்து வெட்டிவிடக்கூடிய ஒரு பொருள். இன்னொரு காட்சி சித்தியின் பண்ணையில். தடுப்பூசி போடுவதற்காக மாடுகளை இரண்டு பக்கமும் பலகை வைத்து இறுக்கிப் பிடிக்கும் கூண்டு ஒன்று இருக்கிறது, அதற்குள் போனதும் மிரண்ட மாடு அடங்கிவிடுகிறது. அதைப் பார்த்து வைத்திருந்தவர், தனக்குப் பதற்றம் வந்த நேரத்தில் ஓடிப்போய் அதே கூண்டுக்குள் தலையை விட்டு இறுக்கச் சொல்கிறார். அம்மா அணைத்தால்கூடத் தாங்க முடியாத உடம்புக்கு அந்த இறுக்கம் அமைதி தருகிறது. பிறகு கல்லூரி விடுதி அறையில் அப்படியொரு கருவியைத் தானே செய்துகொள்கிறார், நிர்வாகம் அதைத் தவறாகப் புரிந்துகொண்டு எடுத்துவிடுகிறது.

மாடு அறுக்கும் கூடம் வருவது உண்மை. அங்கே போகும் மாடு கடைசி வரைக்கும் பயப்படாமல் நடக்க வேண்டும் என்று வளைவான பாதை வரைந்து கொடுத்த பெண்ணின் கதையை, அந்த இடத்தைக் காட்டாமல் எப்படிச் சொல்வது? சின்ன வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

சரி, இந்தப் படத்தை இப்போது ஏன் போட்டோம் என்பதற்கு வருகிறேன்.

விளையாட்டு விழா அன்று ஒலிபெருக்கியில் பாட்டு போட்டதும், நம் பள்ளிப் பிள்ளை ஒன்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு மைதானத்திலேயே சுருண்டு படுத்துவிட்டது. ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டத்தை விலக்கி, பிள்ளை எழுந்திருக்கும்வரை காத்திருந்தார். அதற்குள் யாரோ போனில் வீடியோ எடுத்திருக்கிறார்கள். அது பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது, கீழே சிரிப்பு பொம்மைகள் வந்தன, இப்படிப்பட்ட பிள்ளையை வேறு பிரிவுக்கு மாற்றுங்கள், நம் பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்ற செய்திகளும் வந்தன. அந்த வீடியோவை அந்தப் பிள்ளையின் அம்மாவும் பார்த்தார். அவரும் அதே குழுவில்தான் இருக்கிறார்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. வகுப்பில் சத்தம் என்றால், பாடம் தடைபடுகிறது என்றால், என்னிடம் நேரில் வந்து சொல்லுங்கள், உட்கார்ந்து பேசுவோம். அந்தப் பிள்ளைக்கு என்ன என்பது அவர்கள் வீட்டுக்கும் மருத்துவருக்கும் எங்களுக்கும் இடையிலான விஷயம், அதை நான் இங்கே சொல்லமாட்டேன். வகுப்பு ஆசிரியைகளிடம் தோண்டிக் கேட்காதீர்கள்.

ஆனால் இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வீடியோவை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்றைக்கே அழித்துவிட வேண்டும். அடுத்தவர் பிள்ளையைப் பள்ளி வளாகத்தில் படம் எடுப்பவர்களுக்கு இனி எந்த விழாவுக்கும் அனுமதி கிடையாது. எந்தப் பிள்ளையையும் பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காகப் பிரிவு மாற்றமாட்டோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளையும் உள்ளடக்கியது. பாகுபாடு இல்லாமல் அவர்களைச் சேர்த்து மற்றவர்களோடு படிக்க வைப்பது அங்கீகாரம் பெற்ற பள்ளியின் கடமை. பலர் பார்க்கும் இடத்தில் அவர்களை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விளையாட்டாகச் செய்தோம் என்ற பேச்சை என்னிடம் கொண்டுவராதீர்கள்.

கோபமாக எழுதியதுபோல் இருந்தால், கோபம்தான். ஆனால் உங்களில் பெரும்பாலானவர்கள் மேல் இல்லை. படம் பார்த்த பிள்ளைகளில் சிலர் அன்று சாயங்காலமே வந்து, மணி அடிக்கும் சத்தத்தைக் குறைக்க முடியுமா மிஸ் என்று கேட்டார்கள். நாம் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் படத்தில் சாதாரணச் சத்தங்களே காதைப் பிளப்பதுபோல் நமக்கும் கேட்கும்படி செய்திருப்பார்கள், அதை உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அடுத்த பருவத்திலிருந்து மணியின் சத்தம் குறையும். விழாக்களில் ஒலிபெருக்கியைத் திறந்துவிடும் முன்பு ஆசிரியர்களுக்குத் தகவல் சொல்லிவிடுவோம், ஓரமாக அமைதியான அறை ஒன்றும் திறந்திருக்கும்.

படத்தில் கார்லாக் என்ற அறிவியல் ஆசிரியர் வருகிறார், டேவிட் ஸ்ட்ராதெய்ர்ன் நடித்திருக்கிறார். இந்தப் பெண் படங்களாக யோசிக்கிறாள் என்று முதலில் கண்டுகொள்கிறவர் அவர்தான். எங்கள் ஆசிரியர்கள் எல்லோரையும் அந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்காகவும் பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு மறுபடி போடுகிறோம், இடையிடையே நிறுத்தித் தமிழில் விளக்கிச் சொல்வோம். போன் செய்து குறைப்பட்டவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். டீயும் சுண்டலும் உண்டு.

அந்த வீடியோ வந்த இரவே, இதை எடுத்துவிடுங்கள் என்று குழுவில் முதலில் எழுதிய அப்பாவுக்கும், மறுநாள் அந்த அம்மாவோடு போய் உட்கார்ந்து பேசிய அக்காமார்களுக்கும் பள்ளியின் சார்பில் மனமார்ந்த நன்றி. விடுமுறையில் பிள்ளைகளை நன்றாக விளையாட விடுங்கள்.

நன்றியுடன்,
தலைமையாசிரியை