‘பார்க்லைஃப்’ பெருமிதப் பாட்டல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொண்ணூறுகளின் பிரிட்டிஷ் ராக் இசை பற்றிக் கடந்த இதழில் வெளியான கட்டுரை, ப்ளர் குழுவின் ‘பார்க்லைஃப்’ தொகுப்பை ஆங்கிலேயப் பெருமிதத்தைப் பாடியது என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. 1994 ஏப்ரலில் வெளிவந்து, மறு ஆண்டில் பிரிட்டிஷ் இசைத்துறையின் பிரிட் விருதுகளில் நான்கை அள்ளிய தொகுப்பு அது. அதைச் சூழ்ந்த கொண்டாட்டத்தையே அதன் உள்ளடக்கமாக எண்ணிக்கொள்வது எளிது. பாடல்கள் சொல்வது வேறு.

‘ட்ரேசி ஜாக்ஸ்’ பாடலின் நாயகர் நாற்பதைக் கடக்கும் அரசு ஊழியர். நிலையான வேலை, கோல்ஃப் பித்து, உடல்நலத்துக்கு மருத்துவரின் அறிவுரை. அவர் ஒருநாள் முதல் ரயிலைப் பிடித்து எசெக்ஸ் மாவட்டத்தின் வால்டன் கடற்கரைக்குப் போய், உடைகளைத் தண்ணீரில் எறிந்துவிட்டு நிர்வாணமாக ஓடுகிறார். போலீசார் வீட்டில் கொண்டுவந்து விட்டபின் அந்த வீட்டையே இடித்துத் தள்ளுகிறார். குழுவின் பாடகர் டேமன் ஆல்பர்ன் இதைத் துள்ளல் மெட்டில் பாடினாலும், நமக்கு வரும் சிரிப்பு அந்த மனிதரைக் குறித்ததல்ல. ஒழுங்காக இருந்தால் போதும் என்று அவரை நம்பவைத்த வாழ்க்கையைக் குறித்தது.

குறை இல்லாமல் இல்லை. கலைப் படிப்புக்குப் பெயர்பெற்ற லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் உருவான ஒரு குழு, அட்டையில் பந்தய நாய்களைப் போட்டு, தலைப்புப் பாடலை நடிகர் ஃபில் டேனியல்ஸின் காக்னிப் பேச்சில் (லண்டன் உழைக்கும் மக்களின் வழக்கு) தந்தது உழைக்கும் மக்களின் வேடத்தை இரவல் வாங்கியதே என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. மலிவு விலைச் சுற்றுலாவில் கூத்தடிக்கும் இளைஞர்களைப் பற்றிய ‘கேர்ள்ஸ் அண்ட் பாய்ஸ்’ பாடலில் மாடியிலிருந்து வேடிக்கை பார்ப்பவரின் தொனி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதுவும் ஏளனமாகலாமே தவிர, எப்படிப் பெருமிதமாகும்?

கட்டுரையாளர் ‘திஸ் இஸ் எ லோ’ பாடலைக் குறிப்பிடவே இல்லை. கப்பல்களுக்காக வானொலியில் வாசிக்கப்படும் வானிலை அறிக்கையின் கடற்பகுதிப் பெயர்களைக் கோத்து, பிரிட்டனை ஒருமுறை சுற்றிவரும் பாடல் அது. அந்தப் பகுதிகள் அச்சிட்ட ஒரு கைக்குட்டையை பாஸ் கிதார் கலைஞர் அலெக்ஸ் ஜேம்ஸ் ஆல்பர்னுக்குப் பரிசளித்ததிலிருந்து பிறந்தது. அந்தச் சுற்றின் நடுவே அரசியாரே சித்தம் கலங்கி, இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியான லேண்ட்ஸ் எண்ட் முனையிலிருந்து குதித்துவிடுகிறார். தேசப் பெருமை பாட வந்தவர்கள் அரசியாரைக் கடலில் குதிக்கவிட மாட்டார்கள். தொடரின் அடுத்த பகுதியில் இந்தப் பாடலைப் பற்றியும் கட்டுரையாளர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
மதுரை