ஃபைனல் ஃபைட்: படம் வந்தது, ஆட்டம் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய வீடியோ கேம்கள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் நன்றாகவே இருந்தது. ஆனால் வீட்டு டிவியில் ஆடும் சூப்பர் நின்டெண்டோ மெஷினில் வந்த ஃபைனல் ஃபைட், ஆர்கேட் கேமை, அதாவது கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய மெஷினில் இருந்த கேமை, அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று ஒரே வரியில் பாராட்டிவிட்டுப் போயிருப்பதை ஏற்க முடியவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். இரண்டையும் ஆடியவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

கேப்காம் ஃபைனல் ஃபைட்டை ஆர்கேடில் வெளியிட்டது 1989-ல். மெட்ரோ சிட்டி மேயர் ஹாகரின் மகள் ஜெஸ்ஸிகாவை மேட் கியர் கும்பல் கடத்திவிடுகிறது. ஹாகர், ஜெஸ்ஸிகாவின் காதலன் கோடி, அவனுடைய நண்பன் கய் என்று மூன்று பேர், அவர்களில் ஒருவரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அடித்துக்கொண்டே போக வேண்டும். கதை அவ்வளவுதான், இந்த மாதிரி அடிதடி கேமுக்கு அதுவே போதும். பக்கத்தில் இன்னொருவர் நின்று சேர்ந்து ஆடலாம் என்பதுதான் முக்கியம்.

1990 கடைசியில் ஜப்பானிலும், அடுத்த வருடம் அமெரிக்காவிலும் வந்த சூப்பர் நின்டெண்டோ பதிப்பில் அந்த இரண்டாவது ஆளே கிடையாது. ஒருவர் மட்டும்தான் ஆட முடியும். கய் மொத்தமாகக் காணாமல் போய்விட்டான். ரொலென்டோ என்ற எதிரி வரும் தொழிற்சாலைப் பகுதி, ஒரு முழு ஸ்டேஜ், அதுவும் இல்லை. அமெரிக்கப் பதிப்பில் சில எதிரிகளின் பெயரையும் உருவத்தையும் மாற்றினார்கள், அதை விட்டுவிடலாம், அதனால் ஆட்டம் கெடவில்லை. ஆட்டத்தைக் கெடுத்தது வேறொன்று. திரையில் ஒரே நேரத்தில் மூன்று எதிரிகளுக்கு மேல் வர மாட்டார்கள்.

மூன்று பேர் போதாதா என்று ஆடாதவர்களுக்குத் தோன்றலாம். ஃபைனல் ஃபைட்டில் அடிப்பதை விட நிற்கும் இடம்தான் பெரிய விஷயம். ஆர்கேடில் இரண்டு பக்கமிருந்தும் கும்பலாக வருவார்கள், நடுவில் மாட்டிக்கொண்டால் முடிந்தது, அதனால் மேலும் கீழும் நகர்ந்து எல்லோரையும் ஒரே பக்கம் திரட்டிக்கொண்டு, முன்னால் இருப்பவனைப் பிடித்து மற்றவர்கள் மேல் வீச வேண்டும். வீசப்பட்டவன் போய் விழும்போது வழியில் நிற்பவர்களும் சேர்ந்து சரிவார்கள். கும்பல் இருக்கும்போதுதான் இந்த வீச்சுக்கு மதிப்பு. அப்புறம், அடிக்கும் பட்டனையும் குதிக்கும் பட்டனையும் சேர்த்து அமுக்கினால் வரும் அந்தச் சுழல் அடி இருக்கிறதே, சுற்றி நிற்பவர்களை எல்லாம் தள்ளிவிடும், ஆனால் அதற்கு நம் மீதி உயிரைக் காட்டும் உயிர்க்கோட்டிலிருந்து கொஞ்சம் கொடுக்க வேண்டும். கொடுத்துத் தப்பிப்பதா, அடி வாங்கிக்கொண்டே வெளியே வருவதா என்று அரை நொடியில் முடிவு செய்ய வேண்டியிருப்பதுதான் இந்த கேமின் உயிர். மூன்று பேர் மட்டும் வரும்போது அந்த முடிவை எடுக்க வேண்டிய நிலையே அடிக்கடி வருவதில்லை. ஒருவன் விழ, இன்னொருவன் வர, அவனையும் அடிக்க, என்று சண்டை நீளமாகிறதே தவிர நெருக்கமாவதில்லை.

மெஷினால் முடியவில்லை, வேறென்ன செய்வார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை, மறுக்கவில்லை. ஆர்கேட் போர்டில் 10 மெகாஹெர்ட்ஸில் ஓடும் '68000' என்ற சிப் இருந்தது. சூப்பர் நின்டெண்டோவில் இருந்தது வேறு வகை சிப், அதிகபட்சமே 3.58 மெகாஹெர்ட்ஸ். அதைவிடப் பெரிய தடை ஸ்ப்ரைட், அதாவது திரையில் நகரும் ஆட்களின் படம். அந்த மெஷின் திரையின் ஒரு கிடைக்கோட்டில் 8 புள்ளி அகலமுள்ள 34 துண்டுகளைத்தான் வரையும், அதாவது 272 புள்ளி, திரையின் அகலமே 256. ஃபைனல் ஃபைட் ஆட்கள் ஒவ்வொருவரும் ஆஜானுபாகு. ஹாகருக்கு எதிரில் நாலைந்து பேர் வரிசை கட்டி நின்றால் அந்தக் கணக்கு சட்டென்று நிரம்பிவிடும், அதற்கு மேல் வருவதெல்லாம் மறைந்து மறைந்து தெரியும். கேம் அடங்கிய கேட்ரிட்ஜும் 8 மெகாபிட்தான், அதாவது ஒரு மெகாபைட். இவ்வளவு நெருக்கடியில் உருவங்களைச் சின்னதாக்காமல், வண்ணத்தையும் பெரிதாக விட்டுக்கொடுக்காமல் கொண்டுவந்தார்களே, அந்தக் கலைஞர்களின் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது மெஷின் எடுக்கும் முடிவு அல்ல. பெரிய உருவம் வேண்டும், கடை விளம்பரத்தில் ஆர்கேட் மாதிரியே தெரிய வேண்டும் என்று எடுத்த முடிவுக்காக இரண்டாவது ஆட்டக்காரரைப் பலி கொடுத்தார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1991-லேயே சேகா தன் மெகா டிரைவ் மெஷினில் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் என்ற அடிதடி கேமைக் கொண்டுவந்தது. உருவங்கள் சின்னவைதான், ஆனால் இரண்டு பேர் தோளோடு தோள் நின்று ஆடலாம். அடுத்த வருடம் கொனாமி, டர்டில்ஸ் இன் டைம் கேமை இதே சூப்பர் நின்டெண்டோவுக்கு மாற்றியபோது, ஆர்கேடில் நான்கு பேர் ஆடியதை இரண்டாகக் குறைத்தது, சரி, ஆனால் ஆர்கேடில் இல்லாத ஒரு ஸ்டேஜைப் புதிதாகச் சேர்த்துக் கொடுத்தது. ஏன், கேப்காமே 1993-ல் ஃபைனல் ஃபைட் 2 வெளியிட்டபோது இதே மெஷினில் இரண்டு பேர் ஆட முடிந்ததே!

எனக்கு இன்னும் ஆறாதது கய் விஷயம். 1992-ல் ஜப்பானில் ஃபைனல் ஃபைட் கய் என்று தனி கேட்ரிட்ஜ் வந்தது. கய் வந்தான், கோடி போய்விட்டான். இருவர் ஆட்டம் அப்போதும் இல்லை, தொழிற்சாலை ஸ்டேஜும் இல்லை. ஆர்கேடில் ஒரே கேமில் இருந்த மூன்று பேரையும் ஆட வீட்டில் இரண்டு கேட்ரிட்ஜ் வேண்டும், அப்படியும் கோடியும் கய்யும் ஒரே தெருவில் சேர்ந்து நிற்கவே முடியாது. முதல் பதிப்பில் இடம் போதவில்லை என்றால் புரிந்துகொள்ளலாம். ஆட்டக்காரர்கள் எதற்கு ஏங்கினார்கள் என்று தெரிந்த பிறகும் அதில் பாதியை மட்டும் பிய்த்து இன்னொரு தடவை விற்றதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

1993-ல் மெகா சிடிக்கு, அதாவது மெகா டிரைவோடு சேர்த்து சிடி கேம் ஆடும் சேகா மெஷினுக்கு, வந்த பதிப்பில் மூவரும் இருந்தார்கள், விட்டுப்போன ஸ்டேஜ் இருந்தது, இரண்டு பேர் ஆடலாம். வண்ணம் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சூப்பர் நின்டெண்டோ படம்தான் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் ஆர்கேட் ஃபைனல் ஃபைட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தது எது என்று கேட்டால் நான் மெகா சிடியைத்தான் சொல்வேன்.

இது வெறும் பழங்கதை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன். இப்போது பழைய கேம்களைத் தேடி வரும் இளைஞர்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, கையில் கிடைக்கும் சூப்பர் நின்டெண்டோ பதிப்பை ஆடி, ஃபைனல் ஃபைட் என்றால் இவ்வளவுதானா என்று ஒதுக்கிவிடுவார்கள். 2018-ல் கேப்காம் வெளியிட்ட பீட் எம் அப் (அடிதடி கேம்) தொகுப்பில் ஆர்கேட் பதிப்பே இருக்கிறது, இரண்டு பேர் ஆடலாம். அடுத்த முறை இந்த மாதிரி கேம்களைப் பற்றி எழுதும்போது எந்தப் பதிப்பு என்பதையும், எத்தனை பேர் ஆடலாம் என்பதையும் பெயருக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்